மைலேஜ் செட்டிங்

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் இம்மானுவேல் சார் பிராக்டிகல் தேர்வைப் பற்றிச் சொன்னார். வியாழக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு கார்புரேட்டர் கொண்டுவர வேண்டும். பயிற்சி சென்டரில் இருக்கும் மாதிரி உருப்படி செல்லாது. ஓடிய வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும். கழற்றும்போது என்ன நிலையில் இருந்தது என்று எழுதி, கழுவி, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டிக் கொண்டுவர வேண்டும்.

"கண்டதக் கண்டபடி எழுதுங்க. இருக்க வேண்டியத எழுதாதீங்க. நான் பிரிச்சுப் பாக்கும்போது பொய் எழுதுனவுக யாருன்னு தெரிஞ்சுரும்."

பின்வரிசையில் இருந்த கார்த்திக்ராஜ், "வண்டியே இல்லாதவுக என்ன சார் பண்றது?" என்று கேட்டான்.

"பக்கத்து வீட்டு வண்டியக் கழட்டு. அவுக தூங்கும்போது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் வண்டி இருந்தது. நான்கு மாதமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

தேனியில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் இந்த வகுப்பு நடக்கிறது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை, இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு. பதினான்கு பேரில் பெண்கள் இரண்டு பேர். பகலில் நான் ஒரு பூச்சிமருந்துக் கடையில் ஸ்டாக் எழுதுகிறேன். எட்டேகாலுக்குப் பஸ் ஏறினால் வீரபாண்டியில் இறங்கி ஒன்பதுக்குள் வீட்டில் இருப்பேன். வகுப்பில் செய்த வேலையைத் தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்பது சார் வைத்த விதி. மற்றவர்கள் மாதக் கடைசியில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொள்வார்கள். நான் அன்றன்றே எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் செய்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். எழுதிய பிறகும் சில நாள் வரும்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டியின் கார்புரேட்டரை நான் கழற்றிச் சுத்தம் செய்தேன். வகுப்புக்கு வெளியே நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. தொண்ணூற்று நான்காம் வருடத்து டூ ஸ்ட்ரோக் வண்டி. அப்பா வாங்கியது, அண்ணன் திலீபன் ஓட்டியது. அவன்தான் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் காட்டினான்.

"ஏ புள்ள விழி, பிரிச்சியே, மாட்டத் தெரியுமா? இல்ல சாக்குல கட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட போட்ருவமா?"

மாட்டினேன். முதல் உதையிலேயே எழுந்தது. அண்ணன் விசில் அடித்தான். பதினோரு நாள் நன்றாக ஓடியது.

பன்னிரண்டாம் நாள் மதியம் சின்னமனூர் ரோட்டில் சீலையம்பட்டியைத் தாண்டி நேராகப் போகும்போது பின்சக்கரம் திடீரென்று பிடித்து நின்றுவிட்டது. வண்டி அவன் மேல் விழுந்து கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. தினமும் தேனி கிரவுண்டுக்குப் போய் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தை ஐந்தே முக்கால் நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். இப்போது தொடைக்குள் கம்பி இருக்கிறது. வாக்கர் பிடித்துக் கக்கூஸ் வரைக்கும் போகிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு அப்பா, அம்மா, நான், ஒரு ஏட்டு. ஏட்டு எழுதிக்கொண்டிருந்தார். எப்படி விழுந்தான் என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆப்பரேஷன் அறைக் கதவைப் பார்த்தாள். அப்போது நான் சொன்னேன்.

"எந் தப்பாத்தான் இருக்கும். போன வாரம் நாந்தேன் கார்புரேட்டரக் கழட்டி மாட்டுனேன்."

யாரும் என்னைக் கேட்டிருக்கவில்லை. ஏட்டு அதை எழுதிக்கொள்ளவும் இல்லை. "வண்டிக் கோளாறு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். அவர் வாழைத்தார் லாரியில் எர்ணாகுளம் போகிறவர். அதற்குப் பிறகு மாதத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டிலேயே இருந்துவிட்டார். அம்மா அன்றிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை அண்ணனிடம் சொல்வாள், இல்லாவிட்டால் சுவரிடம். "சாப்பிடுறவுக சாப்பிடலாம்." "வேலைக்குப் போறவுக குடையெடுத்துட்டுப் போகலாம்." சித்திரைத் திருவிழாவில் அண்ணனுக்காக அக்கினிச்சட்டி எடுத்தபோதுகூட, தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போன என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விபத்து நடந்து இரண்டு வாரம் கழித்து வகுப்பில் சார் அதை விளக்கினார். என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. கார்புரேட்டர் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தச் சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெட்ரோல் குறையக் காரணங்கள்: ஜெட்டில் அடைப்பு, மிதவை மட்டம் தவறு, காற்றுக் கசிவு. நான் வரிசையாக எழுதிக்கொண்டேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது. அதைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது.

அந்த மூன்றில் எதை நான் செய்தேன் என்பதுதான் நான்கு மாதமாக என்னிடம் இருந்த ஒரே கேள்வி. கார்புரேட்டரைப் பிரித்தால் தெரிந்துவிடும். பிரிக்காத வரைக்கும் அது ஒரு "இருக்கலாம்". பிரித்துவிட்டால் அது ஒரு உறுப்பு, ஒரு அளவு, ஒரு திருகு. அதனால் பிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தார்ப்பாயை எடுத்தேன். ஆனிக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனது. அம்மா அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்தாள்.

"திலீபா, இன்னும் யாரு காலு பாக்கியிருக்காம்? கேட்டுச் சொல்லு."

அண்ணன் உள்ளே கட்டிலில் இருந்தான். செல்போனில் ஏதோ வீடியோ ஓடும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"கிளாஸ்ல பரிட்சைம்மா," என்றேன், ஜன்னலைப் பார்த்து.

"பரிட்சையாம்ல," என்று அம்மா சுவரிடம் சொன்னாள்.

பெட்ரோல் குழாயை மூடினேன். ரப்பர்க் குழாயை உருவினேன். எஞ்சினோடு சேரும் இடத்தில் கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. கையால் அசைத்துப் பார்த்தேன், இரண்டு முறை. ரப்பரில் விரிசல் இல்லை. காற்றுக் கசிவு இல்லை என்று எழுதினேன். மூன்றில் ஒன்று போய்விட்டது. மீதி இரண்டும் உள்ளே இருந்தன.

கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய வேட்டித்துணியில் வைத்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். நான்கு மாதப் பெட்ரோல் உள்ளே மஞ்சள் பிசினாகியிருக்கும் என்று தெரியும், அதன் வாடை மூக்கில் ஏறியது. அடிக்கிண்ணத்தை நான்கு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்தபோது பிடி கிடைக்காமல் வழுக்கியது. குனிந்து பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூவின் தலை சிதைந்திருந்தது.

நான்தான் சிதைத்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தேன். நோட்டை எடுத்துப் பிப்ரவரிப் பக்கத்தைப் பார்த்தேன். "கிண்ணம் ஸ்க்ரூ நான்கும் நல்ல நிலை. சரியான முனை கொண்டு கழற்றினேன்." நான் எழுதியதுதான். ஆனால் திரும்ப மாட்டும்போது வழுக்கியிருக்கலாம். அதை எழுதாமல் விட்டிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டு மேலே போனேன்.

கிண்ணத்தைத் திறந்தேன். நான் பிப்ரவரியில் புதுக் கேஸ்கெட் போட்டிருந்தேன், ஒழுகாமல் இருக்க இடையில் வைக்கும் பச்சைக் காகிதம். அந்தப் பச்சையே இப்போதும் இருந்தது. ஆனால் அதன் மேலும் கீழும் கறுப்புப் பேஸ்ட் பூசியிருந்தது. ஓரத்தில் பிதுங்கிக் காய்ந்திருந்தது. எங்கள் வகுப்பில் பேஸ்ட் தொடக்கூடாது. பேஸ்ட் தேவைப்படுகிறவன் கேஸ்கெட் மாற்றச் சோம்பல்பட்டவன் என்பார் சார். நான் அதை வாங்கியதே இல்லை. அப்படியும் ஒரு நிமிடம், வாங்கினேனா என்று யோசித்தேன்.

மிதவை மட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். நோட்டில் இருந்த அளவுதான், ஒரு நூல்கூட மாறவில்லை. இரண்டாவதும் போய்விட்டது.

மெயின் ஜெட்டைக் கழற்றினேன். பித்தளை, பட்டாணி அளவு இருக்கும். நடுவில் ஊசித் துளை. பெட்ரோல் முழு வேகத்தில் போவது இந்தத் துளை வழியாகத்தான். துடைத்து, கண்ணுக்கு நேராக வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். பிறையாகத் தெரிந்தது.

ஜெட்டைத் திருப்பினேன். துளைக்குள் ஒரு செம்பு இழை போயிருந்தது. வயரில் இருந்து உரித்த ஒற்றை இழை, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே இழுத்துக்கொள்ளாமல் இருக்க, அதன் நுனியை ஜெட்டின் தலையில் கொக்கி போல மடித்து, இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அது அடைப்பு இல்லை. தூசி அப்படிச் சுற்றிக்கொள்ளாது. யாரோ உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிதானமாகச் செய்த வேலை.

நோட்டில் இருந்தது: "மெயின் ஜெட். ஈர்க்குச்சி, பெட்ரோல், காற்றுப் பம்ப். கம்பி பயன்படுத்தவில்லை. வெளிச்சத்தில் முழு வட்டம்."

எனக்கு என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றவில்லை. நெஞ்சில் ஏதாவது இறங்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு இழையை உருவி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு மற்ற உறுப்புகளைக் கழுவினேன். பைலட் ஜெட், ஊசி வால்வு, ஏர் ஸ்க்ரூ. எல்லா வழிகளிலும் பம்ப் அடித்தேன். கிண்ணத்தின் அடியில் இருந்த பிசின் பல்துலக்கும் பிரஷ்ஷால் நாற்பது நிமிடம் தேய்த்த பிறகு போனது. பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கேஸ்கெட் போட்டேன். பூட்டி முடித்தபோது பதினொன்றரை.

இந்தப் பக்கத்தில் கேஸ்கெட்டுக்குக் கறுப்புப் பேஸ்ட் பூசுகிறவர், செம்பு இழை போட்டு மைலேஜ் கூட்டித் தருகிறவர் ஒருவர்தான். உப்புக்கோட்டை விலக்கில் பட்டறை வைத்திருக்கும் பிச்சைமணி அண்ணன். மைலேஜ் செட்டிங் என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு மொபெட்டைச் சாய்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மெக்கானிக்கு! கடையப் பூட்டிட்டு ஒங்கிட்ட வேலைக்கு வந்துரவா?"

"ஒண்ணு காட்டணும்ண்ணே." காகிதத்தைப் பிரித்து நீட்டினேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இழையை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எங் கைதேன். கொக்கி பாத்தியா? கண்ட பய போட்டா உள்ள இழுத்து வால்வுல சிக்கிக்கும். நம்மள்து நகராது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கூட."

"எப்பப் போட்டீக?"

"ஒங்கண்ணன் வந்து கேட்டான், போட்டேன்."

"தேதி?"

"தேதியா? ஏ ஆத்தா, இது என்ன ரிஜிஸ்டர் ஆபீஸா?" சிரித்தார். பிறகு என் கையில் பேனாவைப் பார்த்துவிட்டு யோசித்தார். "பிரதோஷத்தன்னைக்கு. கோயிலுக்குப் போயிட்டுக் கடைக்கு லேட்டா வந்தேன். இவன் அதுக்கு முன்னாடியே வந்து இங்கன உக்காந்திருந்தான்."

செல்போனில் நாட்காட்டியைப் பார்த்தேன். நான் மாட்டிய ஞாயிறுக்கு நான்கு நாள் கழித்து.

"எல்லாரும் போட்டுக்கிறாகம்மா. ஏலக்காய்க் காட்டுக்குப் போறவுக, பால் ஊத்துறவுக. மெதுவாப் போனா ஒண்ணும் செய்யாது. அவங்கிட்டயும் சொன்னேன். தம்பி, அறுவதுக்கு மேல முறுக்காத, சூடு ஏறும்னு. அவன் கேட்டாத்தான?" கிளாஸை எடுத்தார், குடிக்காமல் வைத்திருந்தார். "ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் கேட்டேனே. கம்பியோடவா தம்பி முறுக்குனன்னு. தலையாட்டுனான்."

"எப்ப வந்தீக?"

"காலுக்குக் கம்பி வச்சு ரெண்டாவது வாரம். சாத்துக்குடி வாங்கிட்டு வந்தேன், ஒங்கம்மா வாங்கி வச்சாகளே." என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுல சொல்லியிருப்பான்னுல்ல நெனச்சேன். சொல்லலியா?"

நான் இழையைத் திரும்ப மடித்தேன்.

"ஒங்கப்பா மூர்க்கமான ஆளு. என்னைய இழுத்து விட்றாத தாயி. நான் சொல்லித்தான் கொடுத்தேன்." நான் சைக்கிளைத் திருப்பியபோது பின்னால் இருந்து கேட்டார், "கேஸ்கெட்டு எப்படி இருந்துச்சு? ஒழுகலையே?"

"ஒழுகலண்ணே," என்றேன். உண்மைதான். ஒழுகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பக்கத்துத் தெருவில் சோணையம்மாள் வீட்டுக்கு மாவு வாங்கப் போயிருந்தாள். அண்ணன் கட்டிலில் சாய்ந்து, வலது காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தான். தொடை இளைத்து முழங்கால் பெரிதாகத் தெரிந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"அண்ணே, பிச்சைமணி அண்ணன் பட்டறைக்குப் போயிட்டு வந்தேன்."

செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சொல்லிட்டானா."

"ரெண்டாவது வாரமே தெரியுமா?"

"ம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி சத்தியமாத் தெரியாது விழி. கம்பியால இப்படி ஆகும்னு எனக்கு என்ன தெரியும்? நீதேன் ஏதோ பண்ணிட்டன்னு நெனச்சேன். நீயேதான சொன்ன?"

"தெரிஞ்சதுக்கு அப்புறம்?"

அவன் காலுக்கடியில் இருந்த தலையணையை இழுத்துச் சரிசெய்தான். பதில் வரும் என்று தெரிந்ததால் நின்றேன்.

"கிரவுண்டு தேனியில இருக்கு. நான் விழுந்தது அதுக்கு எதிர்த் திசையில, சீலையம்பட்டிக்கு அங்கிட்டு. யாராவது கேட்டாகளா? அப்பா கேட்டாகளா? நீ ஆஸ்பத்திரியில அப்படிச் சொன்னதும் எல்லாரும் ஒன்னையத்தான் பாத்தாக. ஒருத்தரும் என்னையக் கேக்கல. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எதுக்குப் போன?"

"சின்னமனூருக்கு."

"அதான் எதுக்கு?"

"பிரின்சின்னு ஒரு புள்ள. பஜார்ல பாத்திரக்கடை வச்சிருக்காகல்ல, அவுக மக. டைப்ரைட்டிங்ல பழக்கம்." சுவரைப் பார்த்துச் சொன்னான். "அப்பா வாரத்துக்கு ஒரு தடவதேன் பெட்ரோல் போட்டுத் தந்தாக. கிரவுண்டுக்குப் போய்வர அளந்து வச்ச மாதிரி இருக்கும். அங்கயும் போகணும்னா பத்தாது. அதான் பிச்சைமணிகிட்டப் போனேன்."

"இப்பப் பேசுதா?"

"மே மாசம் நிச்சயம் ஆயிருச்சு. போடில மாப்பிள்ளை. துணிக்கடை." சிரிக்கப் பார்த்தான். "அடிக்கணும்னா அடி. எந்திரிச்சு ஓடவா போறேன்."

எனக்கு அடிக்கத் தோன்றவில்லை. அழவும் தோன்றவில்லை. நான்கு மாதம் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு நின்றவளிடம் அதைக் கீழே வைக்கலாம் என்று சொன்ன பிறகும் கை மடங்கியபடியே இருப்பது போல இருந்தது. அவன் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கும் இடம் தெரிந்தது, அது அங்கே இல்லை.

"அம்மாகிட்டச் சொல்லு," என்றேன்.

"சொல்றேன்."

"இன்னைக்கு."

"சொல்றேன்டி."

அம்மா வந்தாள். மாவை ஃபிரிட்ஜில் வைத்தாள். சோறு போட்டாள். அண்ணனுக்குக் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு வைத்தாள். எனக்குத் தரையில். தட்டைப் பார்த்தபடி, "குழம்பு போதுமான்னு கேளுடா," என்றாள்.

"போதும்மா," என்றேன் நான்.

அண்ணன் சாப்பிட்டான். அப்பளம் இன்னொன்று கேட்டான். அப்பாவின் லாரி குமுளி ஏறிவிட்டதா என்று கேட்டான். மோர் கேட்டான். மோரும் குடித்து முடித்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, நான் கார்புரேட்டரப் பிரிச்சுப் பாத்துட்டேன்," என்றேன். "நான் மாட்டுனதுல தப்பில்ல. நான் மாட்டுனதுக்கு அப்புறம் பிச்சைமணி அண்ணன் அதத் தெறந்து மைலேஜுக்குக் கம்பி போட்டிருக்காரு. அதுனாலதேன் எஞ்சின் சூடாகிப் பிடிச்சிருக்கு. அண்ணன்தேன் போடச் சொல்லியிருக்கு."

அம்மா கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். நான்கு மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி, படுத்துக் கெடக்குறவன் மேலயா பழியப் போடுற?"

"பழி இல்லம்மா. இந்தா பாருங்க." நோட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். பிப்ரவரிப் பக்கம், இன்றைக்குப் பக்கம், நடுவில் மடித்த காகிதம். அம்மா அதைத் தொடவில்லை.

"இதுல நீ எதையும் எழுதிக்குவ. நீதான ஒன் வாயால சொன்ன? அத்தனை பேரு முன்னாடி, போலீசு முன்னாடி. நாங் கேட்டனா? ஒங்கப்பா கேட்டாரா? நீயாச் சொன்ன."

அவள் சொன்னது சரி. அதற்கு எதிராக என்னிடம் இருந்தது ஒரு செம்பு இழையும் என் கையெழுத்தும்தான். என் கையெழுத்தை நானே முழுதாக நம்புவதில்லை. நான் நோட்டை மூடப் போனேன்.

"அம்மா," என்றான் அண்ணன். "அவ சொல்றது நெசம்."

அம்மா திரும்பவில்லை.

"நாந்தேன் போடச் சொன்னேன். பிச்சைமணி ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே எனக்குத் தெரியும்."

"சாத்துக்குடி கொண்டாந்தானே, அன்னைக்கா?"

"ஆமா."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். சட்டி எடுத்த கையில் பழைய கொப்புளத் தழும்பு வெளிறித் தெரிந்தது. திட்டுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ எதுக்குடி அப்படிச் சொன்ன?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன்.

"யாரும் ஒண்ணும் பேசாம நின்னுக்கிட்டு இருந்தீக. அதான்."

"லூசுக் கழுத," என்றாள் அம்மா. சத்தமில்லாமல், என்னிடம், நேராக. கோபமா இல்லையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. பிறகு கட்டிலைப் பார்த்தாள். "சரிடா. கிரவுண்டு தேனியில இருக்கு. நீ எதுக்குச் சின்னமனூர் ரோட்டுக்குப் போன?"

அண்ணன் தட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அம்மாவும் அவன் பார்வையைத் தொடர்ந்து என்னைப் பார்த்தாள்.

வெளியே காற்று தார்ப்பாயைத் தொட்டிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. யாராவது ஏதாவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வாயில் இரண்டு மூன்று பதில்கள் தயாராக வந்து நின்றன. கிரவுண்டில் யாரோ சாமான் வாங்கச் சொன்னார்கள் என்று சொல்லலாம். நான்தான் ஒரு கேஸ்கெட் வாங்கிவர அனுப்பினேன் என்று சொல்லலாம். அது அம்மா உடனே நம்பக்கூடிய பதில்.

நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றேன். புளி கொஞ்சம் கூடுதல். கையில் பெட்ரோல் வாடை இருந்ததால் சோற்றிலும் அது இருந்தது. இன்னொரு வாய் எடுத்தேன்.

"ஒன்னையத்தான்டா கேக்குறேன்," என்றாள் அம்மா.

கட்டில் கிறீச்சிட்டது. அண்ணன் வாக்கரை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் பிடியை இரண்டு கையாலும் பிடித்தான், எழுந்திருக்கவில்லை.

"அம்மா," என்றான். "பிரின்சின்னு ஒரு புள்ள."